ரோஸுக்குத் துணை

போன வாரம் கொர்னேலியஸ் மேல் கோபப்பட்டவர்கள் அந்தக் கோபத்தில் கொஞ்சத்தை இந்த வாரத்துக்கும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். மனிதர் கெட்டவர் இல்லை. நல்லது செய்கிறேன் என்று அவர் கிளம்பும்போது மட்டும் பிடித்துக் கட்டிப்போட ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒரு ஆள் அந்த வீட்டில் இல்லை.

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. தங்கவயல் சாம்பியன் ரீஃபில், சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீட்டில் கொர்னேலியஸும் மனைவி பியாட்ரிஸும் இருக்கிறார்கள். சுரங்கம் மூடுகிற வரைக்கும் அவர் கீழே இறங்கியவர். மூடிய பிறகு பெங்களூருக்கு ரயிலேறிப் போய் செக்யூரிட்டி வேலை பார்த்தார். முட்டி போனதும் வீட்டோடு நின்றுவிட்டார். ஒரே மகள் ஜெனிட்டா. கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பையும் ஒரு அட்டைப் பெட்டியுமாகத் திரும்பி வந்துவிட்டாள். இப்போது இங்கிருந்தே தினமும் பெங்களூர் வேலைக்கு ரயிலில் போய் வருகிறாள். அட்டைப் பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்டால், இரண்டு பெட்டைக் கோழிகள்.

புருஷன் ஸ்டீவன் குடிக்கிறவன் இல்லை, கை நீட்டுகிறவனும் இல்லை. பேசமாட்டான், அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று கேட்கிறவர்கள் நாலாவது மாடி வீட்டில் இரண்டு வருஷம் அப்படி இருந்து பார்க்கவேண்டும். தெருவில் சாயம் தோய்த்து விற்ற குஞ்சுகளை ஜெனிட்டா பேச்சுத்துணைக்குத்தான் வாங்கினாள். ஒன்று ரோஸ் கலர், இன்னொன்று பச்சை. சாயம் போய் இரண்டும் தவிட்டு நிறத்துக்கு வந்த பிறகும் பெயர் நின்றுவிட்டது. ஒருநாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஸ்டீவன் இரண்டையும் வாட்ச்மேனிடம் தூக்கிக் கொடுக்கப் பார்த்தான். அன்றைக்குக் கிளம்பி வந்தவள்தான்.

சரி, அப்பா வீட்டில் என்ன நடந்தது? அறுப்பின் பண்டிகை வந்தது. சபையில் அவரவர் வீட்டில் உள்ளதில் நல்லதைக் கொண்டுபோய் வைப்பார்கள். பூசணிக்காய், வாழைத்தார், கேக், கோழி என்று குவிந்ததை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். மகளின் குடும்பம் ஒன்றுசேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கொர்னேலியஸ் பச்சையைப் பிடித்துக் காலைக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஜெனிட்டா அப்போது வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்து தேடினவளிடம், "உன் பேர்லதான் கண்ணு காணிக்கை" என்றார் பெருமையாக. அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள்.

இதோடு நிறுத்தினாரா என்றால் அதுவும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிற வழியில் ஸ்டீவனுக்குப் போன் போட்டு, "ஒரு தபா வந்து பேசி இட்டுனு போங்க மாப்ள" என்று சொல்லி வைத்திருக்கிறார். இது பியாட்ரிஸுக்கும் தெரியாது, ஜெனிட்டாவுக்கும் தெரியாது.

இனி இந்த வாரத்துக் கதை.

பச்சை போன நாளிலிருந்து ரோஸ் தேய்ந்துகொண்டே வந்தது. முதலில் சாயங்காலம் ஆனால் கேட்டுப் பக்கம் போய் நின்றது. அப்புறம் தீனியைக் காலால் கிளறிவிட்டுச் சும்மா நின்றது. அப்புறம் பச்சை நிறத்தில் தண்ணீராகக் கழிய ஆரம்பித்தது. பங்காருபேட்டையில் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஷில்பா பார்த்துவிட்டு, வயிற்றில் புண், ஒட்டுகிற சீக்கு இல்லை என்று மருந்து கொடுத்து அனுப்பினாள். மருந்து உள்ளே போனது. தீனி போகவில்லை.

அன்றைக்கு ஜெனிட்டா வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். குளியலறையில் பல்பு வெளிச்சத்துக்குக் கீழே ஒரு அட்டைப் பெட்டி. அதில் பழைய டவலுக்கு நடுவில் ரோஸ். கொண்டை வெளுத்துப் போய், கண் பாதி மூடி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஜெனிட்டா ஊசியில்லாத சிரிஞ்சில் தயிர்ச்சோற்றைக் கரைத்து எடுத்து அதன் அலகோரம் வைத்தாள். ஒரு சொட்டு உள்ளே போனது. மிச்சம் கழுத்து வழியாக டவலில் இறங்கியது.

"கோழிக்கு லீவு போட்டுகினு பாத்ரூம்ல குந்திகினு கீற பொண்ணை நான் இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் பியாட்ரிஸ். வாய் இப்படிச் சொன்னாலும் கையில் சூடாக ஒரு டவல் வைத்திருந்தாள். இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிட்டுப் போனாள்.

கொர்னேலியஸ் வாசல்படியில் நின்றார். உள்ளே போகவும் முடியவில்லை, அங்கிருந்து நகரவும் முடியவில்லை.

"துன்னுதா கண்ணு?"

"இல்ல டாடி."

"கேழ்வரகு வெச்சுப் பாத்தியா?"

"வெச்சேன்."

"மக்காச்சோளம்?"

ஜெனிட்டா திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். களைத்துப் போய்ப் பார்த்தாள்.

"எல்லாம் வெச்சுட்டேன் டாடி. அதுக்குத் தனியா சாப்பிடத் தெரியல. குஞ்சுல இருந்து ரெண்டும் ஒரே தட்டுல கொத்தினதுங்க."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அதுதான் கொர்னேலியஸுக்கு நெஞ்சில் போய் உட்கார்ந்தது. பச்சை எங்கே என்று அவள் இந்த மூன்று வாரத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லலாம். கேட்காதவளுக்கு என்ன பதில் சொல்வது?

அவர் வெளியே வந்து போனை எடுத்து டாக்டருக்கு அடித்தார். பங்காருபேட்டையில் பின்னால் மாடு கத்துகிற சத்தத்தோடு ஷில்பா எடுத்தாள்.

"டாக்டர், நான் கே.ஜி.எஃப். கொர்னேலியஸ். அந்தக் கோழி…"

"சொல்லுங்க அங்கிள். சாப்பிட்டுச்சா?"

"இல்ல டாக்டர்."

"ரெண்டு நாள்ல சாப்பிடலேன்னா கஷ்டம் அங்கிள். உள்ள ஏதாவது போனாத்தான் மருந்து நிக்கும். தனியாவா வெச்சிருக்கீங்க? கோழிங்க தனியா இருந்தா ஸ்வல்ப, கொஞ்சம் டல்லாயிடும். பக்கத்துல இன்னொண்ணு கொத்தினாத்தான் இதுக்கும் கொத்தத் தோணும்."

கொர்னேலியஸுக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்தது. "அதோட ஜோடிய இட்டுனு வந்து சேத்துடட்டா டாக்டர்?"

"சேர்க்கலாம். ஆனா கேஜ்லதான் சேர்க்கணும் அங்கிள். சும்மா ஒண்ணா விட்டுடாதீங்க."

"கேஜ்லயா?"

"ஹௌது, ஆமா. கேஜ் கண்டிப்பா வேணும்."

"கேஜ் எனக்குத் தெரியாதா டாக்டர்" என்று அவர் சிரித்தேவிட்டார். ரொம்ப நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு. அவள் மேலே ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அதற்குள் தேங்க்ஸ் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். ஊரெல்லாம் கேஜ் என்றால் பறவை அடைக்கிற கம்பிக்கூண்டு. தங்கவயல்காரனுக்குக் கூண்டு கூண்டுதான். கேஜ் என்றால் அது ஒன்றே ஒன்று. சுரங்கத்தின் செங்குத்தான ஷாஃப்டுக்குள் ஆட்களை இறக்குகிற இரும்புப் பெட்டி. தோளோடு தோள் இடித்து, ஒருத்தன் மூச்சு இன்னொருத்தன் பிடரியில் பட, கையைத் தூக்கக்கூட இடமில்லாமல் நெருக்கியடித்து நின்றுதான் கீழே போகவேண்டும். முதல் ஷிஃப்ட் அன்றைக்கு இருட்டுக்குள் அது விழுகிற மாதிரி இறங்கியபோது கொர்னேலியஸ் வாய்விட்டு அலறிவிட்டார். பக்கத்தில் நின்றவன் தோளால் அவரை அழுத்திப் பிடித்துக்கொண்டான். பெயர்கூட அப்போது தெரியாது. அந்தத் தோள் இல்லாவிட்டால் அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன் என்று பியாட்ரிஸிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

அதனால் கேஜில் சேர்க்கச் சொல்கிறாள் டாக்டரம்மா என்றதும் அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. நெருக்கமாக, இடைவெளி இல்லாமல், ஒன்றின் சூடு இன்னொன்றுக்குப் படுகிற மாதிரி வைக்கவேண்டும். படித்த பெண், சரியாகத்தான் சொல்கிறாள் என்று மெச்சிக்கொண்டார்.

"பச்சை யார் வூட்ல கீது?" என்று மனைவியிடம் கேட்டார்.

பியாட்ரிஸ் கொயரில் பாடுகிறவள். கொயர் பெண்களுக்குத் தெரியாத விஷயம் சபையில் கிடையாது. "ஏலத்துல நம்ம சபை பாபு எடுத்தாரு. எடுத்துட்டு மறுபடி ஏலத்துக்கே கொடுத்துட்டாரு. அப்புறம் யாரோ எடுத்து அவங்களும் திருப்பிக் கொடுத்தாங்க. கடைசியா மாரிகுப்பம் வினோலியா கையில போய் நின்னுச்சு. ஏன்?"

"ஒன்னும் இல்ல. வந்துர்றேன்."

"குழம்பு வெச்சிருப்பா இந்நேரம்" என்றாள் பியாட்ரிஸ். அவர் அதற்குள் மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். மாரிகுப்பம் போய்ச் சேர்கிற வரைக்கும் அந்தக் குழம்பு என்கிற வார்த்தை அவரை விடவில்லை. சுரங்கக் கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டுப் பக்கமிருந்து காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. அவர் கண்ணைக்கூடத் துடைக்காமல் போனார்.

வினோலியா குழம்பு வைக்கவில்லை. ரயில் பாதையை ஒட்டின வீட்டில், சமையலறை மூலையில், கவிழ்த்த கூடைக்குக் கீழே பச்சை உட்கார்ந்திருந்தது. உடம்பைப் பரப்பித் தரையோடு தரையாக, இருந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. கொர்னேலியஸைப் பார்த்ததும் தொண்டைக்குள் உறுமியது.

"அடை குந்திகினு கீது அண்ணே" என்றாள் வினோலியா. "என் சேவலுக்கு இது வந்தது அதிர்ஷ்டம். இன்னும் ரெண்டு வாரத்துல பொரிச்சிடும். பாருங்க, எழுந்து தண்ணி குடிக்கிறதுக்குக்கூட யோசிக்குது."

கொர்னேலியஸ் நின்ற இடத்திலேயே நின்றார். கோழி உயிரோடு இருக்கிறது. நன்றாக இருக்கிறது. அதற்கு ஒரு குடும்பமே வரப்போகிறது. இதையெல்லாம் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய மனிதர், அழுதுவிடுவார் போல இருந்தார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். ரோஸ் தின்னாததை, ஜெனிட்டா குளியலறையில் உட்கார்ந்திருப்பதை, டாக்டர் சொன்னதை.

"அந்தக் கோழிய இங்க இட்டுனு வரட்டா தங்கச்சி? ஒட்டுற சீக்கு இல்லியாம்."

வினோலியா முடியாது என்று தலையை ஆட்டினாள். "தப்பா நினைக்காதீங்க. டாக்டர் சொன்னா சரிதான். ஆனா எனக்கு மனசு வராது அண்ணே. போன வருஷம் ஒரு சீக்குக் கோழி வந்து என் கோழிங்க எட்டும் போச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அங்கிருந்து போகவில்லை. வயசான ஆம்பிளை ஒருத்தர் தன் சமையலறையில் கை பிசைந்துகொண்டு நிற்பதை வினோலியாவால் எவ்வளவு நேரம் பார்க்கமுடியும்? பெருமூச்சு விட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னத நம்பி, கொஞ்ச நேரத்துக்கு வேணா கொண்டு போங்க. அந்தப் பொண்ணுக்காக. அந்தச் சீக்குக் கோழி பக்கத்துல வெச்சுத் தீனி காட்டுங்க, அது ரெண்டு வாய் எடுத்ததும் உடனே கொண்டாந்துடுங்க. நான் முட்டைய துணியில சுத்தி அடுப்பு பக்கம் வெக்கிறேன். லேட் பண்ணிடாதீங்க அண்ணே, ஆறிப் போச்சுன்னா உள்ள கீற குஞ்சு அத்தனையும் போயிடும்."

"பத்திரமா கொண்டாந்துர்றேன் தங்கச்சி."

பச்சை சும்மா வரவில்லை. கையில் கொத்திச் சதையைப் பிடித்துத் திருகியது. "அடைக்கோழிக்குக் கோவம் ஜாஸ்தி, பாத்து விடுங்க" என்றாள் வினோலியா பின்னாலிருந்து. கொர்னேலியஸ் ரத்தம் வந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு, கோழியைப் போட்ட பையை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் பையைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார். "உன் ஜோடியதான் பாக்கப் போற. கொஞ்சம் பொறுத்துக்கோம்மா."

வீட்டில் ஜெனிட்டா குளியலறையில் இல்லை. உள்ரூம் கதவு சாத்தியிருந்தது. யாருடனோ போனில் பேசுகிற சத்தம் மெல்லக் கேட்டது. பியாட்ரிஸ் முன்வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நல்லதாகப் போயிற்று என்று கொர்னேலியஸ் நினைத்தார். அவள் கதவைத் திறந்துகொண்டு வரும்போது இரண்டும் ஒன்றாகத் தின்றுகொண்டிருக்கவேண்டும். அந்த முகத்தை அவர் ஒருதரம் பார்க்கவேண்டும். அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

பின்பக்கம் தக்காளிக் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் கிரேட் ஒன்று கிடந்தது. சின்னது. அதுதான் சரி என்று எடுத்தார். அடியில் சாக்கு விரித்தார். கேழ்வரகு தூவினார். ரோஸைத் தூக்கி வந்து உள்ளே வைத்தார். கனமே இல்லை, டவலை மட்டும் தூக்குகிற மாதிரி இருந்தது. ரோஸ் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. பிறகு பச்சையையும் உள்ளே விட்டு, இரண்டும் ஒட்டி நிற்கிற மாதிரி அமுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டு மூடினார்.

உள்ளே சத்தம் கேட்டது. படபடவென்று இறக்கைகள் அடித்துக்கொண்டன. மூன்று வாரம் கழித்துப் பார்க்கிறதல்லவா, பேசிக்கொள்கின்றன என்று நினைத்தார் கொர்னேலியஸ். பலகை மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

பிறகு ரோஸ் கத்தியது. அப்படி ஒரு சத்தத்தை அதனிடம் அவர் கேட்டதே இல்லை.

உள்ரூம் கதவு திறந்தது. ஜெனிட்டா கையில் போனோடு ஓடிவந்தாள். பலகையைத் தூக்கி எறிந்தாள். பச்சை கழுத்து மயிரெல்லாம் சிலிர்த்துக்கொண்டு ரோஸின் மேல் ஏறி நின்று கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. ரோஸ் ஓட முயலவில்லை. ஓட இடமும் இல்லை, ஓடத் தெம்பும் இல்லை. மூலையில் தலையைக் கொடுத்து அப்படியே கிடந்தது.

கொர்னேலியஸ் பச்சையைப் பிடித்து இழுத்தார். ஜெனிட்டா ரோஸை வாரி எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அவளுடைய நைட்டியில் ரத்தம் பட்டது. கொண்டை கிழிந்திருந்தது. ஒரு கண்ணுக்கு மேலும் காயம்.

"என்ன டாடி பண்ணீங்க?"

"டாக்டர்தான் கண்ணு… கேஜ்லதான் சேக்கணும்னு சொன்னாங்க. நெருக்கமா…"

"கேஜ்னா நடுவுல கம்பி டாடி." அவள் குரல் உயரவில்லை. "இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஒண்ணை ஒண்ணு பாக்கணும், தொடக் கூடாது."

கொர்னேலியஸ் கையிலிருந்த பச்சையைப் பார்த்தார். "அது இதோட ஜோடிதானே கண்ணு?"

"இத்தனை நாள் பிரிச்சு வெச்சீங்கன்னா மறந்துடும். இப்ப அதுக்கு இது யாரோ ஒரு சீக்குக் கோழி. கோழிங்க சீக்குக் கோழிய விடாது, கொத்தும்."

பியாட்ரிஸ் ஈரக்கையோடு ஓடி வந்தாள். பார்த்தாள். உள்ளே போய் மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தாள். அம்மாவும் மகளுமாகக் கொண்டையில் அப்பினார்கள். ரோஸ் எதிர்க்கவில்லை. கொஞ்சமாவது திமிறியிருந்தால் மூன்று பேருக்கும் தைரியம் வந்திருக்கும்.

கொர்னேலியஸ் பச்சையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் வயிற்றடியில் அடைகாத்த சூடு அவர் உள்ளங்கையில் கொதித்தது. மாரிகுப்பத்தில் அடுப்பு பக்கம் முட்டைகள் ஆறிக்கொண்டிருக்கின்றன. சட்டைப்பையில் போன் அடித்தது. வினோலியாவாகத்தான் இருக்கும். எடுக்க அவருக்குக் கை இல்லை. அடித்து ஓய்ந்தது.

"நான் இன்னா செய்யட்டும் ஜெனி? சொல்லு, செய்யிறேன்."

"அதைக் கொண்டுபோய் விடுங்க. அதோட இடத்துல."

"அப்புறம் ரோஸ்?"

"தெரியல டாடி." அவள் மஞ்சள் அப்பின தலையை மோவாயால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். "மூச்சு இருக்கு. ராத்திரி தாண்டுமான்னு தெரியல. நான் பக்கத்துல இருக்கேன்."

அவர் திரும்பினார். இரண்டு அடி வைத்தவரை அவள் குரல் நிறுத்தியது.

"போன்ல அவர்தான் டாடி."

ஸ்டீவனைத்தான் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"உங்க போன் எடுக்கலியாம், மம்மி போனுக்குப் பண்ணினார். நான் எடுத்தேன். நாளைக்குக் காலைல வண்டிக்கு வராராம். 'உங்க டாடி வந்து இட்டுனு போகச் சொன்னாரு, ரெடியா இரு'ன்னார். ரெண்டு வருஷத்துல அவர் என்கிட்ட சேர்ந்தாப்புல இவ்வளவு பேசினது இன்னைக்குத்தான்."

பியாட்ரிஸ் புருஷனைப் பார்த்தாள். "வரச் சொன்னீங்களா? என்னை ஒரு வார்த்தை கேக்காம?"

"குடும்பம் சேரணும்னுதான் பியாட்ரிஸ்…" என்று ஆரம்பித்தார் கொர்னேலியஸ். கையில் பச்சை திமிறியது. அவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரே பெட்டியில் அமுக்கி வைத்துவிட்டால் சேர்ந்துவிடும் என்று நினைத்ததன் கதியை, இப்போதுதானே எல்லோரும் பார்த்தார்கள்.

ஜெனிட்டா அழவில்லை. அழுதால் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு. ரோஸைக் கையில் வைத்துக்கொண்டு, ரொம்ப நாளாக யோசித்து வைத்ததைச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"அவர் வாட்ச்மேன்கிட்ட கொடுக்கப் பாத்தார். நீங்க சபைக்குக் கொடுத்தீங்க. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க, எனக்குத் தெரியும். ஆனா ரெண்டு பேரும் நான் இல்லாத நேரமாப் பாத்துத்தான் டாடி செஞ்சீங்க."

கொர்னேலியஸுக்கு முட்டி வலி தெரியவில்லை, விரலில் கொத்துப்பட்ட வலி தெரியவில்லை. இதற்கு மட்டும் எங்கே கை வைத்து அமுக்கிக்கொள்வது என்று தெரியவில்லை. போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. பச்சை கழுத்தை நீட்டி வாசல் பக்கம் பார்த்துக் கத்தியது.

"நான் போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடுறேன் கண்ணு. இப்பவே."

"வேணாம். வரட்டும். நான் எங்கயும் ஓடிட மாட்டேன்." அவள் குளியலறைக்குள் போய், பல்புக்குக் கீழே, தரையில் உட்கார்ந்தாள். டவலை விரித்து ரோஸை மடியில் கிடத்தினாள். "ஆனா வந்தா நீங்கதான் அவர்கிட்ட பேசணும் டாடி."

"பேசுறேன். இன்னான்னு பேசட்டும்? நீயே சொல்லிக் கொடு. அப்படியே சொல்றேன்."

ஜெனிட்டா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"அவர்கிட்ட என்ன பேசுறதுன்னு தெரிஞ்சிருந்தா, நான் ஏன் டாடி கோழிங்ககிட்ட பேசிட்டு இருந்திருக்கப் போறேன்?"